ஜீனோமிக்ஸ் பயிற்சி: எந்த வாசல் வழியாக நுழைவது?

முதல் முறையாக ஆர்.என்.ஏ. சீக்வென்சிங் டேட்டாவை (செல்லில் எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்று காட்டும் டேட்டா) நானே பகுத்து வரைபடம் போட்ட அன்று, நோயாளிகளின் மாதிரிகள் ஒரு பக்கமும் நலமானவர்களின் மாதிரிகள் இன்னொரு பக்கமுமாகத் தெளிவாகப் பிரிந்து நின்றன. அன்றிரவு மகிழ்ச்சியில் எனக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாள் காலை மூத்த ஆய்வாளர் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எந்தெந்த மாதிரிக்கு எந்தத் தேதியில் ஆர்.என்.ஏ. பிரித்தெடுத்தார்கள்?" நோயாளிகளுடையது எல்லாம் ஒரே நாளில். மற்றவை எல்லாம் மூன்று வாரம் கழித்து, வேறு ஒரு கிட்டில். நான் கண்டது நோயின் தடயமா, தேதியின் தடயமா என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லாமல் போயிற்று. எந்தப் புள்ளியியல் முறையாலும் அந்த டேட்டாவைக் காப்பாற்ற முடியாது.

இது தொடக்கநிலை மாணவருக்கு மட்டும் வரும் சறுக்கல் என்று நினைத்துவிடக் கூடாது. நூறு வயதைத் தொட்டவர்களின் மரபணுக் குறிகளைக் கண்டறிந்ததாக 2010-இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. மாதிரிகளின் டி.என்.ஏ.வைப் படித்த சிப்களில் ஒன்றால் ஏற்பட்ட தொழில்நுட்பப் பிழைகள் தெரியவந்ததும் 2011-இல் அது திரும்பப் பெறப்பட்டது.

ஓர் உயிரின் முழு டி.என்.ஏ.வை, அதாவது மரபணுத்தொகையைப் படிக்கும் துறையான ஜீனோமிக்ஸில் பயிற்சி தேடும் மாணவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் "எந்த நிறுவனம் பெரியது?" என்றுதான். நான் முதலில் பார்க்கச் சொல்வது வேறு: அங்கே உங்கள் தவறு யார் கண்ணில் படும், எத்தனை நாளில் படும்? இந்தத் துறையில் மென்பொருள் பெரும்பாலும் பிழைச்செய்தி காட்டி நிற்பதில்லை. தவறான உள்ளீட்டைக் கொடுத்தாலும் அழகான விடையைத் தந்துவிடும். அதனால், பக்கத்தில் நின்று பார்க்கும் ஒரு பழகிய கண் எந்தச் சான்றிதழையும் விட மதிப்புள்ளது. கீழே ஒவ்வொரு வழியையும் இந்த அளவுகோலை வைத்துத்தான் எடை போட்டிருக்கிறேன்.

வீட்டிலிருந்தே கற்பது

இலவசமாகக் கிடைப்பவை நிறைய, தரமும் நன்றாகவே இருக்கிறது. நிரலெழுத்தையும் உயிரியலையும் சேர்த்துப் பழக ரோசலிண்ட் தளத்தின் கணக்குகள் அருமையானவை. டி.என்.ஏ. வரியில் எழுத்துகளை எண்ணுவதில் தொடங்கி, மரபணுத்தொகையைத் துண்டுகளிலிருந்து கோப்பது வரை படிப்படியாக ஏற்றிச் செல்லும். ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனமான இபிஐ தன் பாடங்களை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. இணையக் கல்வித் தளமான கோர்செராவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜீனோமிக் டேட்டா சயின்ஸ் தொடர் உண்டு.

இவற்றுள் புதியவருக்கு நான் முதலில் காட்டுவது கேலக்ஸி பயிற்சி வலைப்பின்னலைத்தான். காரணம் மிகச் சாதாரணமானது: கணினி. மனித மரபணுத்தொகை ஒன்றை முப்பது மடங்கு ஆழத்தில் (ஒவ்வோர் இடத்தையும் சராசரியாக முப்பது முறை) படித்தால் மூலக் கோப்புகளே நூறு ஜிகாபைட் அளவுக்கு வரும். மனித ஆர்.என்.ஏ. துணுக்குகளை மரபணுத்தொகையில் அவற்றுக்குரிய இடத்தில் பொருத்தும் ஸ்டார் மென்பொருளுக்குச் சுமார் 30 ஜிகாபைட் நினைவகம் வேண்டும். சாதாரண மடிக்கணினியில் இது நடக்காது. கேலக்ஸியில் பிரௌசர் வழியாகப் பொதுச் சர்வர்களிலேயே பகுப்பாய்வை ஓட்டலாம்.

ஆனால் இந்த வழியின் குறை பாடத்தில் இல்லை, டேட்டாவில் இருக்கிறது. மரபணு வெளிப்பாட்டைக் கற்கும் ஏறக்குறைய எல்லோரும் ஒரு கட்டத்தில், மூச்சுக்குழாய்த் தசைச் செல்களுக்கு டெக்சாமெத்தசோன் மருந்து கொடுத்துப் பார்த்த 2014-ஆம் ஆண்டின் அந்தப் பிரபலமான தொகுப்பைக் கையாண்டிருப்பார்கள். சுத்தமான தொகுப்பு. கட்டளைகளை வரிசையாக அடித்தால் சரியான விடை வந்துவிடும். நிஜத்தில் வரும் டேட்டா அப்படி இருக்காது. இரண்டு மாதிரிகளின் பெயர்கள் இடம் மாறியிருக்கும். ஒரு கோப்பு மனித மரபணுத்தொகையின் ஜிஆர்சிஎச்37 பதிப்பிலும் இன்னொன்று ஜிஆர்சிஎச்38 பதிப்பிலும் இருக்கும். டி.என்.ஏ.வில் இடங்களைக் குறிக்கும் பெட் கோப்பு பூஜ்யத்திலிருந்து எண்ணும், மரபணு மாறுபாடுகளைப் பட்டியலிடும் விசிஎஃப் கோப்பு ஒன்றிலிருந்து எண்ணும். இடையில் ஓர் எழுத்து நழுவினால் யாருக்கும் தெரியாது. யாரோ மரபணுப் பட்டியலை எக்செலில் திறந்து மூடியிருப்பார், செப்ட்1 என்ற மரபணு செப்டம்பர் முதல் தேதியாகிவிட்டிருக்கும். இந்தத் தொல்லை எவ்வளவு பரவலாக இருந்ததென்றால், மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழுவே 2020-இல் அதன் குறியீட்டை செப்டின்1 என்று மாற்ற வேண்டியதாயிற்று.

ஆகவே மூன்று மாதத்துக்கு மேல் பாடங்களிலேயே தங்க வேண்டாம் என்பது என் கருத்து. நான்காவது சான்றிதழுக்குச் செலவிடும் நேரத்தில், வெளியான ஒரு கட்டுரையின் பொதுவில் உள்ள மூல டேட்டாவை இறக்கி, அதன் ஒரே ஒரு படத்தை நீங்களே மீண்டும் வரைந்து பாருங்கள். பெரும்பாலும் அச்சாகப் பொருந்தாது. ஏன் பொருந்தவில்லை என்று தேடும் அந்த இரண்டு வாரத்தில் கற்பது அதிகம். அந்தத் தேடலின் குறிப்புகள் பின்னால் விண்ணப்பத்தில் உங்களுக்காகப் பேசும்.

தனியாகக் கற்பதற்கும் ஆய்வகத்தில் சேர்வதற்கும் நடுவே இன்னொரு வழி இருக்கிறது, அதைப் பலரும் கவனிப்பதில்லை. ஆப்பிரிக்காவின் எச்3ஏபயோநெட் அமைப்பு 2016 முதல் நடத்திய உயிர்த்தகவலியல் அறிமுகப் படிப்பில், பல நாடுகளின் வகுப்பறைகள் ஒரே நேரத்தில் ஒரே பாடத்தைப் படித்தன. விரிவுரை காணொளியில் வரும். ஆனால் ஒவ்வொரு வகுப்பறையிலும் உதவிக்கு ஒருவர் நேரில் இருப்பார். மாட்டிக்கொண்ட இடத்தில் அன்றே கை கொடுக்க ஆள் இருப்பதுதான் அதன் சிறப்பு. ஐந்து பேர் சேர்ந்து, அனுபவமுள்ள ஒருவரை வாரம் ஒரு மணி நேரம் வரவழைத்தால் இதே அமைப்பைச் சிறிய அளவில் நீங்களும் உருவாக்கலாம். ஆய்வாளர்களுக்கு நிரலெழுத்தும் டேட்டாவைக் கையாள்வதும் கற்றுத்தரும் தி கார்பென்ட்ரீஸ் அமைப்பின் பயிலரங்குகளும் இந்தப் பாணியில் இயங்குபவைதான். 1988 முதல் வளர்க்கப்பட்டுவரும் ஈ. கோலை பாக்டீரியாப் பரிணாமச் சோதனையின் உண்மையான டேட்டாதான் அவர்களின் ஜீனோமிக்ஸ் பாடத்துக்குப் பொருள்.

ஓரிரு வாரக் குறுகிய பயிற்சிகள்

அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தின் உறைவிடப் படிப்புகள், இங்கிலாந்தின் ஹிங்ஸ்டனை மையமாகக் கொண்டு ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவிலும் நடக்கும் வெல்கம் கனெக்டிங் சயின்ஸ் படிப்புகள், செக் நாட்டின் செஸ்கி க்ரும்லோவ் ஊரில் குளிர்காலத்தில் நடக்கும் ஜீனோமிக்ஸ் பயிலரங்கு, அமெரிக்காவின் வுட்ஸ் ஹோலில் 1988 முதல் நடக்கும் மூலக்கூறுப் பரிணாமப் பயிலரங்கு ஆகியவை உலகம் முழுதும் அறிந்த பெயர்கள். காலை முதல் இரவு வரை பாடம், நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளை எழுதியவரே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அந்த அனுபவத்துக்கு ஈடு இல்லை.

ஆனாலும் இளநிலை மாணவர்களுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. கையில் சொந்த டேட்டா இல்லாமல் போனால், பத்து நாளில் கேட்ட முப்பது மென்பொருள்களின் பெயரும் இரண்டு மாதத்தில் மறந்துவிடும். பிஎச்.டி. இரண்டாம் ஆண்டில், சீக்வென்சிங் முடிவுகள் வந்து இறங்கி, அடுத்த அடி தெரியாமல் நிற்பவருக்குத்தான் இது பொன். அவர் கேட்கும் கேள்வி கூர்மையாக இருக்கும், விடை அன்றைக்கே பயன்படும். நிதியுதவி உண்டா என்று விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிடுங்கள். இத்தகைய படிப்புகள் பலவற்றில் கட்டணச் சலுகைக்கென்று தனி விண்ணப்பம் இருக்கும், அதற்குக் கடைசி நாள் வேறாகவும் இருக்கலாம்.

கோடை இன்டர்ன்ஷிப்

மாணவர்கள் அதிகம் ஆசைப்படுவது இதற்குத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரின் இளநிலை ஆய்வுத் திட்டம் 1959 முதல் நடக்கிறது, பத்து வாரம் நீள்வது. வியன்னா பயோசென்டர் கோடைப்பள்ளி எந்த நாட்டு மாணவரையும் ஏற்கிறது, உதவித்தொகையும் தங்குமிடமும் தருகிறது. ஜப்பானின் ஒகினாவாவில் உள்ள ஓஐஎஸ்டி பல்கலைக்கழகமும் சவூதி அரேபியாவின் காஸ்ட் பல்கலைக்கழகமும் கோடைக்கு வெளியிலும், சில மாதங்கள் நீளும் இன்டர்ன்ஷிப்களை வெளிநாட்டு மாணவருக்குத் தருகின்றன. விண்ணப்பத்தை நிரப்பும் முன் குடியுரிமை வரியைப் படியுங்கள். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையான என்எஸ்எஃப் நிதியில் இயங்கும், இளநிலை மாணவர்களுக்கான ஆர்இயு ஆய்வுத் திட்டங்களில் அந்த நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும்தான் ஆதரவுத்தொகை. ஒரு வாரம் உட்கார்ந்து கட்டுரை எழுதிய பிறகு இது தெரியவந்தால் மனம் நொந்துவிடும்.

இப்போது அந்தப் பத்து வாரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் வாரம் அடையாள அட்டை, பாதுகாப்புப் பயிற்சி, கணினிக் கணக்கு. கடைசி வாரம் போஸ்டரும் பேச்சும். நடுவே எட்டு. ஆய்வகச் சோதனை செய்து, மாதிரி எடுத்து, அதன் டி.என்.ஏ.வைக் கருவி படிக்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்து (இதற்கு 'நூலகம்' தயாரிப்பது என்று பெயர்), சீக்வென்சிங் மையத்துக்கு அனுப்பினால், வரிசையில் காத்திருந்து முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். சொந்த டேட்டாவைப் பார்க்காமலேயே ஊர் திரும்பிய இன்டர்ன்கள் ஏராளம். இன்னொரு பொறி மனித டேட்டா. டிபிகேப், இஜிஏ போன்ற களஞ்சியங்களில் உள்ள தனிநபர் மரபணுத் தகவலை அனுமதி பெற்றுத்தான் திறக்க முடியும். அந்த அனுமதியில் உங்கள் பெயர் சேரும் முன்பே கோடை முடிந்துவிடக்கூடும்.

எனவே பத்து வாரத்துக்குப் பொருத்தமானது இரண்டில் ஒன்று. டேட்டா ஏற்கெனவே கையில் இருந்து, கேள்வி மட்டும் புதிதாக உள்ள கணினித் திட்டம். அல்லது சிறிய மரபணுத்தொகையுள்ள பாக்டீரியாவையோ வைரஸையோ மினயான் போன்ற கையடக்கச் சீக்வென்சிங் கருவியில் ஆய்வகத்திலேயே படித்துவிடும் திட்டம். இரண்டாவதில் மாதிரி முதல் முடிவு வரை முழுச் சுற்றையும் ஒரே கோடையில் பார்த்துவிடலாம். எனக்கு இதில் தனிப் பிரியம் உண்டு. நூலகத் தயாரிப்பில் கை நடுங்கி, டி.என்.ஏ. ஒட்டியிருக்கும் நுண்மணிகளைக் கொட்டியவருக்குத்தான், திரையில் தெரியும் மெலிந்த ஆழத்தின் காரணம் விளங்கும்.

அளவுகோலுக்கு வருவோம். பெரிய ஆய்வகத்தில் தலைமை ஆய்வாளரை இரண்டு முறை பார்ப்பீர்கள். உங்கள் தவறைப் பார்க்கப்போவது அன்றாடம் கூட இருக்கும் பிஎச்.டி. மாணவர் அல்லது போஸ்ட்டாக் (முனைவர் பட்டம் முடித்த இளம் ஆய்வாளர்). கடிதத்தில் அவர் பெயரைக் கேட்டு வாங்குங்கள். கோடையில் அவர் விடுப்பில் போகிறாரா என்றும் கேளுங்கள். அசட்டுக் கேள்விபோல் தோன்றும். ஆனால் பத்து வாரத்தில் மூன்று வாரம் தனியாக விடப்பட்டால் கதை முடிந்தது.

பயணம் முடியாதவர்களுக்கு

விசா, குடும்பம், உடல்நலம் என்று எத்தனையோ காரணத்தால் நகர முடியாதவர்கள் திறந்த மூல வேலையைப் பாருங்கள். நெக்ஸ்ட்ஃப்ளோ மொழியில் பகுப்பாய்வுத் தொடர்களை எழுதிப் பகிரும் என்எஃப்-கோர் சமூகத்தில் யாரும் சேரலாம். நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு மாற்றத்தையும் இன்னொருவர் வரி வரியாகப் படித்துக் கருத்து எழுதிய பிறகே அது சேரும். திறந்த மூலத் திட்டங்களில் வழிகாட்டியோடு நிரலெழுத வைக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005 முதல் நடக்கிறது, 2022 முதல் மாணவர் அல்லாத புதியவர்களுக்கும் திறந்திருக்கிறது. உயிர்த்தகவலியல் அமைப்புகள் பல அதில் பங்கெடுத்திருக்கின்றன.

என் அளவுகோலில் இந்த வழி பல இன்டர்ன்ஷிப்களை முந்திவிடுகிறது. தவறு சில நாளிலேயே, எழுத்தில், பெயரோடு சுட்டிக்காட்டப்படுகிறது. ஒரு குறை உண்டு: இங்கே கற்பது கருவியைச் செம்மை செய்ய. உயிரியல் கேள்வியை எப்படிக் கேட்பது என்பது இதில் வராது.

முதலாண்டு, இரண்டாமாண்டு மாணவர்களுக்கு வகுப்புக்குள்ளேயே ஆய்வு கிடைக்கும் திட்டங்களும் உள்ளன. பாக்டீரியாக்களைத் தாக்கும் ஃபேஜ் வைரஸ்களை மண்ணிலிருந்து பிரித்து, அவற்றின் மரபணுத்தொகைக்குக் குறிப்பெழுதும் சீ-ஃபேஜஸ் திட்டம் 2008 முதல் நடக்கிறது. உங்கள் கல்லூரி அதில் இல்லாவிட்டால் நீங்களாகச் சேர முடியாது. ஆசிரியரிடம் சொல்லிப் பார்க்கலாம்.

ஓராண்டு ஆய்வகப் பணி

பட்டம் முடித்து, பிஎச்.டி.க்கு முன் ஓரிரு ஆண்டு ஆய்வு உதவியாளராக இருப்பதைப் பலரும் 'காத்திருக்கும் காலம்' என்று நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். திட்டமிட்டது, மாதிரி சேகரித்தது, ஓட்டம் கெட்டுப்போனது, மறுபடி ஓட்டியது, வரைபடம் வந்தது, மதிப்பீட்டாளர் மறுத்தது என்று ஒரு கேள்வி தன் முழு ஆயுளையும் வாழ்வதைப் பார்க்க ஓராண்டாவது வேண்டும். தொடக்கத்தில் நான் சொன்ன தேதிக் குளறுபடியை எந்தப் பாடத்திலும் நான் படிக்கவில்லை. அப்படி ஓர் ஆண்டில்தான் கற்றேன்.

இதிலும் மூன்று வகை உண்டு, மூன்றும் ஒன்றல்ல. ஆய்வுக் குழுவில் சேர்ந்தால் ஒரே கேள்வியில் ஆழம் கிடைக்கும். பலருக்கும் சீக்வென்சிங் செய்துதரும் பொது மையத்தில் சேர்ந்தால் அகலம் கிடைக்கும்: தாவரம், புற்றுநோய்த் திசு, மண் நுண்ணுயிர் என்று வாரம் ஒரு வகை மாதிரி வரும். தரக்குறைவான டி.என்.ஏ.யைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் காணும் கண் அங்கேதான் வாய்க்கும். நோயறி பரிசோதனைக் கூடத்தில் ஒழுங்கு கிடைக்கும். ஒரு மரபணு மாறுபாட்டை அறிக்கையில் எழுதும் முன் இருவர் சரிபார்க்கும் பழக்கம் வாழ்நாள் முழுக்க உதவும். ஆனால் முறைகள் அங்கே பூட்டப்பட்டவை, உங்கள் கேள்விக்கு இடமில்லை, வேலையைப் பெரும்பாலும் வெளியிட முடியாது. பிஎச்.டி. நோக்கம் உறுதியாக இருப்பவர் முதலாவதையும், இன்னும் மனம் முடிவாகாதவர் இரண்டாவதையும் பார்க்கலாம்.

ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். நன்றாகக் கை ஓடுகிறது என்று தெரிந்தால், ஆண்டு முழுக்க டி.என்.ஏ. பிரித்தெடுக்க மட்டும் உங்களை வைத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. அதேபோல் ஒரே பைப்லைனை (பகுப்பாய்வுத் தொடரை) நூறு முறை ஓட்டவைக்கும் இடங்களும் உண்டு. "எனக்கென்று ஒரு சிறு பகுதி இருக்குமா? அதைக் குழுக் கூட்டத்தில் நான் பேசலாமா?" என்று சேரும் முன்பே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிஎச்.டி.யும் அதற்குப் பின்னும்

இங்கே முதன்மையான வேறுபாடு சுழற்சி உள்ள திட்டமா, நேராக ஒரு குழுவில் சேர்வதா என்பது. இங்கிலாந்தின் வெல்கம் சேங்கர் நிறுவனத்தின் நான்காண்டுத் திட்டத்தில் முதலாண்டில் வெவ்வேறு குழுக்களில் சிறு திட்டங்கள் செய்த பிறகு நிரந்தரக் குழுவைத் தேர்வு செய்யும் வழி உண்டு. கணினியியலிலிருந்து உயிரியலுக்கு வருபவருக்கும், ஆய்வகத்திலிருந்து கணினிக்கு வருபவருக்கும் இது பெரிய வரம். கேள்வியும் வழிகாட்டியும் ஏற்கெனவே உறுதியானவருக்கு நேரடிச் சேர்க்கையே நேரத்தை மிச்சப்படுத்தும். ஐரோப்பாவின் மேரி ஸ்க்வடோவ்ஸ்கா-க்யூரி முனைவர் வலைப்பின்னல்களில் மாணவர் ஊழியராகவே நியமிக்கப்படுவார், கூட்டு நிறுவனங்களில் சில மாதம் வேலை செய்யவும் இடம் உண்டு. ஒரு விதியை மட்டும் மறக்காதீர்கள்: நியமனத்துக்கு முந்தைய 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் அந்த நாட்டில் வசித்திருக்கக் கூடாது. அங்கேயே முதுநிலை படித்துவிட்டு விண்ணப்பித்து ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள்.

முனைவர் பட்டத்துக்குப் பிறகு துறை மாற நினைக்கும் இயற்பியலாளர், கணிதவியலாளர், பொறியாளர் ஆகியோருக்கென்றே, உயிரியல் ஆய்வுக்கு நிதி தரும் பன்னாட்டு அமைப்பான எச்எஃப்எஸ்பி மூன்றாண்டுப் பல்துறை ஃபெலோஷிப் தருகிறது. ஏற்கெனவே உயிரியலில் இருப்பவருக்கு அதே அமைப்பின் நீண்டகால ஃபெலோஷிப் உண்டு, ஆனால் பழைய ஆய்வின் தொடர்ச்சியை அவர்கள் ஏற்பதில்லை, புதிய பக்கம் திரும்பியாக வேண்டும். ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் அமைப்பான எம்போவின் போஸ்ட்டாக் ஃபெலோஷிப் இரண்டு ஆண்டு வரை, நாடு மாற வேண்டும். ஒரே ஒரு நுட்பத்தை மட்டும் கற்றுவர வேண்டுமென்றால் இவ்வளவு பெரிய மாற்றம் தேவையில்லை. எம்போவின் அறிவியல் பரிமாற்ற நிதி மூன்று மாதம் வரை இன்னொரு ஆய்வகத்தில் தங்க உதவும். ஒற்றைச் செல் சீக்வென்சிங்கைக் கற்க ஒரு முழு போஸ்ட்டாக் செய்ய நினைத்த நண்பர் ஒருவருக்கு, அப்படி ஒரு குறுகிய தங்கலே போதுமானதாக இருந்தது.

எந்த இடத்துக்கும் 'சரி' சொல்லும் முன், கடந்த இரண்டு ஆண்டுகளில் அங்கே பயிற்சி பெற்ற ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். குழுவின் இணையப் பக்கத்தில் முன்னாள் உறுப்பினர் பட்டியல் இருக்கும், பெரும்பாலானோர் பதில் எழுதுவார்கள். உணவு, தங்குமிடம் எல்லாம் அப்புறம் கேட்கலாம். முதலில் கேட்க வேண்டியது இது: "உங்கள் பகுப்பாய்வில் ஒரு தவறு நடந்தபோது அதை யார் கண்டுபிடித்தார், பிறகு என்ன நடந்தது?" ஒருவர் உடனே ஒரு கதையைச் சொல்லத் தொடங்கினால் அந்த இடத்துக்கு விண்ணப்பியுங்கள். தவறே நடக்கவில்லை என்று பதில் வந்தால் இன்னொருவரிடமும் கேளுங்கள்.